தங்கச்சி சொன்ன செய்தி

2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே வெப்பநிலை ஏழு பாகை, நல்ல வெயில், அதைவிட நல்ல காற்று. விக்டோரியா தின விடுமுறை என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. வோபர்னில் ஒன்பதாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தது. லண்டனிலிருந்து பெரியம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. எதையும் எண்ணிக் குறித்துவைப்பதாலும் ஓயாமல் கவலைப்படுவதாலும் வீட்டில் என்னைக் கிழவன் என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை நான் உழைத்துத்தான் சம்பாதித்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, வன்னியில் அகப்பட்டிருந்தார். அங்கே யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. அவரைப் பற்றிய செய்தி பெரியம்மா வழியாக அம்மாவிடம் வரும்; அம்மாவோடு நின்றுவிடும். என்ன சொன்னவ என்று கேட்டால், "ஒண்டுமில்லை, போய்ப் படி" என்பார். சிரித்த முகத்தோடுதான் சொல்வார். ஆகவே நான் வேறு வழி கண்டுபிடித்தேன்.

தங்கச்சிக்கு நான்கு மாதம். பெரியம்மா கெட்ட செய்தி சொன்ன நாளில் அவள் அம்மாவிடம் மூன்று நிமிடத்துக்குமேல் பால் குடிப்பதில்லை. முதுகை வில்லாக வளைத்துக் கத்துவாள். மாமாவை யாரோ கண்டதாகச் செய்தி வந்த நாளில் பதினெட்டு நிமிடம் குடித்தாள். அம்மா அதே தாலாட்டைத்தான் பாடினார், அதே சிரிப்பைத்தான் சிரித்தார். என்னை ஏமாற்ற அது போதும். அவளை ஏமாற்றப் போதவில்லை. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். பிறகு குசினியில் அம்மா அப்பாவிடம் குசுகுசுப்பதை ஒட்டுக்கேட்டுச் சரிபார்த்தேன். பதினான்கு அழைப்புகள், பதினான்கும் சரி.

மற்றவர்களின் வைத்தியம் அவ்வளவு திருத்தமாக இல்லை. அப்பா மூன்று விதமான பால்மா வாங்கினார். பெரியம்மா லண்டனிலிருந்தே நோயைக் கண்டுபிடித்தார்: "உது கண்ணூறடி. செத்தல் மிளகாயைச் சுத்தி எரி." அம்மா எரித்தார். புகைமணி அலறியது, அந்த மாடியில் இருந்த பன்னிரண்டு கதவுகளும் திறந்தன. அன்று தங்கச்சி குடித்தது ஒன்றரை நிமிடம். வெள்ளிக்கிழமைக்குள் நிறை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா தொலைபேசியில் பேசியது கொஞ்சம்தான்.

"ஓம் அக்கா... எப்ப?... ஆர் கண்டது?... சரி, வை."

பிறகு தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் இருந்தார். தாலாட்டு இல்லை. சிரிப்பும் இல்லை. மாசி மாதத்திலிருந்து காதுவரை ஏறியிருந்த அவருடைய தோள்கள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. தங்கச்சி குடித்தாள். நான் கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்! குடித்து முடித்து வாயைத் திறந்தபடியே நித்திரையானாள்.

நான் ஓடிப்போய் அப்பாவின் செல்போனுக்கு எடுத்தேன். அவர் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"என்னடா கிழவா? தங்கச்சிக்கு என்ன?"

"இருவத்திரண்டு நிமிசம் குடிச்சவள் அப்பா. மாமா சுகமாம்!"

"ஆர் சொன்னது?"

"பெரியம்மா இப்பதான் எடுத்தவ."

"நான் வாறன். கொம்மாவை ஒண்டும் சமைக்க வேண்டாமெண்டு சொல்லு."

பத்து இருபத்தைந்துக்கு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கையில் ஒரு பெட்டி லட்டோடு உள்ளே வந்தார். "அவன் லேசிலை சாகான் எண்டு நான் அப்பவே சொன்னனான்! என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரேல்லை. எங்கை கொம்மா?"

ஒரு லட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். "இந்தா, ஆக் காட்டு" என்பது கேட்டது. அதற்குப் பிறகு நான் பதினொன்றுவரை எண்ணினேன். அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் அம்மாவிடமிருந்து வந்தது. தங்கச்சி எழும்பவே இல்லை.

மூன்று மாதமாக அம்மாவின் கைகளில் தங்கச்சி உணர்ந்தது, தொலைபேசி அடுத்த முறை என்ன சொல்லுமோ என்ற பயம். அதை முடித்துவைக்க மாமா செத்த செய்தியாலும் முடியும் என்பது என் கொப்பியில் எந்தக் கட்டத்திலும் இல்லை. தங்கச்சியின் நிறை வியாழக்கிழமையே ஏறிவிட்டது. அதற்கான காரணம் மூன்றாவது பால்மா என்று எழுதிவைத்தேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒருவரும் தொடாத அந்தப் பெட்டியை அவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். ரசீது மேசையில் கிடந்தது. ஒன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம். வரியோடு பதினொரு டொலர் இருபத்தொன்பது சதம்.