பிட்டுக் கொத்தியதை நடை என்று எழுதிய டொக்டருக்கு

எனக்கு மூச்சு வாங்குகிறது என்று உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள்.

மார்பில் புற்றுநோய்க்கு ஒபரேஷன் செய்து, மருந்தும் ஏற்றி முடித்த பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சிப் பிரிவு இருக்கிறது. அதற்குப் பொறுப்பான டொக்டர் நீங்கள். நடந்தால் களைப்புக் குறையும், உடம்பு தேறும் என்றீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆளுக்கொரு வோச் தந்தீர்கள். அது காலடிகளை எண்ணி, ஃபோன் வழியாக உங்கள் கம்பியூட்டருக்கு அனுப்பும். எனக்கு ஒபரேஷன் இடப் பக்கம். அந்தக் கையில் இறுக்கமாக எதுவும் கட்டக்கூடாது என்று நேர்ஸ் வலக்கையில் கட்டிவிட்டார். வலக்கை நான் சமைக்கிற கை. அதை நீங்கள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு நான்காம் மாடியில். முதல் மாதம் ஒழுங்கையால் இறங்கி ரயில் பாதை வரைக்கும் போய் வந்தேன். இரண்டாம் மாதம் ஒழுங்கை முனை மரக்கறிக் கடையைத் தாண்ட முடியவில்லை. பிறகு லிப்டில் இறங்கி, வாசல் காவலாளியின் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேலே போய்விடுவேன். என்னைக் கண்டதும் அந்த மனுஷன் எழும்பி இடம் தருவார். ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மூன்றாம் தடவை உங்களிடம் வந்து, மூச்சு வாங்குகிறது, நடக்க முடியவில்லை, இரத்தம் சோதிக்க எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். நீங்கள் திரையைத் திருப்பிக் காட்டினீர்கள். என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டு போனது.

"அக்கா, வோச் பொய் சொல்லாது. உங்கட மனம்தான் களைச்சிருக்கு."

என் கிளினிக் கொப்பியில் 'நன்றாக நடக்கிறார்' என்று எழுதினீர்கள். பயிற்சிப் பிரிவின் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, எல்லாரையும் கைதட்ட வைத்தீர்கள். முகத்துவாரத்திலிருந்து வருகிற ஒரு பெண் என் காதுக்குள் கேட்டாள்: "எனக்கு ஏலாமக் கெடக்கு. நீங்க எப்படிக்கா இவ்வளவு நடக்குறீங்க?"

நான் சோம்பேறிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் வைராக்கியமாகப் படியால் இறங்கிக் காலி வீதிக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் விழுந்தேன். ஆரோ தெரியாத சனம் தூக்கி முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியது. இரத்தம் இருக்க வேண்டியதில் அரைவாசிதான் இருந்ததாம். இரண்டு பை ஏற்றினார்கள். என் புற்றுநோய் டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். நன்றாக நடக்கிறார் என்று எழுதியிருந்தபடியால் இரத்தச் சோதனைக்கு அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்கலாம் என்று நினைத்தாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து என் கணவரின் தங்கை உதவிக்கு வந்தாள். பின்னேரம் நான் கதிரையில் இருந்து, தகரப் பேணியின் விளிம்பால் பிட்டு மாவைக் கொத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஆறு பேர், ஒவ்வொரு நாளும் இரவுக்குப் பிட்டுத்தான், கடைப் பிட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். அவள் என் கையில் கட்டியிருந்த வோச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், இருந்த இடத்திலயே கல்கிசை வரைக்கும் நடந்து வந்திட்டியள்," என்றாள்.

பேணி மாவில் இறங்க இறங்க வோச்சில் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்க ஏலாமல் போனதிலிருந்து, இருந்துகொண்டு செய்கிற வேலை எல்லாவற்றையும் நான்தான் எடுத்திருந்தேன். பிட்டுக் கொத்துவது, தேங்காய் திருவுவது, எல்லாம். என் நடை குறையக் குறைய உங்கள் பச்சைக் கோடு ஏறியது அதனால்தான்.

இதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் தலை நிமிரவில்லை.

"அப்ப மற்றக் கையில கட்டுங்கோ."

மற்றக் கை ஒபரேஷன் செய்த பக்கம், டொக்டர்.

உங்கள் அறைச் சுவரில், நீங்கள் அச்சடித்து வைத்த எங்கள் கோடுகளுக்கு நடுவில் என் கோடு இன்னும் ஒட்டியிருக்கிறது, மற்றவர்களுக்கு உதாரணமாக. முகத்துவாரத்துப் பெண் இரண்டு கூட்டமாக வரவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் விசாரித்தீர்களா?

இந்த மாதக் கூட்டத்தில், என்னை எழுப்பி நிறுத்திய அதே இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அந்தச் சுவரில் உள்ள கோடுகளில் எது நடை, எது சமையல் என்று எங்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? களைக்கிறது என்று வாயால் சொன்னவர்களில் எத்தனை பேரை இரத்தம் சோதிக்க அனுப்பினீர்கள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் கைதட்டிய அத்தனை பேரும் கேட்க, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.