"வீட்டில். சரி." என்று எழுதிய நாட்கள்

2021 நவம்பர் 20, சனிக்கிழமை. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீடு. வழக்கம்போல் 4.50க்கு எழுந்தேன். தேநீர், ஜெபம், பிறகு இடியப்பத்துக்கு மா பிசைந்தேன். 6.15க்கு இடியப்பமும் கிழங்குச் சொதியும் மேசைக்கு வந்துவிட்டன. 6.50க்கு மகளை எழுப்பினேன். 7.10க்கு இன்னொரு முறை எழுப்பினேன். 7.25 பஸ்ஸில் வேலைக்குப் புறப்பட்டேன். சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள்தான் வேலை.

நேரங்களை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கண்டி நகரில் ஒரு பாமசியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளராக இருக்கிறேன். எதையும் பார்த்த உடனே குறித்துவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்வதற்கு முன் அதற்கு முந்திய ஒன்றரை வருடத்தைச் சொல்ல வேண்டும். கொரோனா வந்து ஊர் அடங்கியபோது மகளுக்குப் பதினான்கு வயது. பாடசாலையில் இருநூறு மீற்றரில் அவள்தான் முதல். அஞ்சலோட்டத்திலும் கடைசிக் கோலை அவள் கையில்தான் கொடுப்பார்கள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். விமானங்கள் நின்றதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். பாமசிகள் மூடப்படவில்லை. அதனால் அனுமதிச் சீட்டோடு நான் தினமும் வேலைக்குப் போனேன். மகள் வீட்டில் தனியாக இருந்தாள்.

எனக்குப் பயம். இருமிக்கொண்டு மருந்துக்கு வந்தவர்களில் சிலர் அடுத்த தடவை வரவில்லை. கம்பளையில் இருந்த என் அண்ணன் இரண்டாவது அலையில் போய்விட்டார். முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. ஊர் அடங்கிய அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன், அண்ணனுக்குப் பிறகு அதை இன்னும் இறுக்கினேன். மகள் வாசற்படியைத் தாண்டக் கூடாது. நிகழ்நிலை வகுப்பு, அது முடிந்தால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பு. இவ்வளவுதான்.

சட்டம் போட்டால் மட்டும் எனக்குப் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். பாமசியில் ஊசி மருந்துகளும் இன்சுலினும் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் பார்த்துக் குறிப்பது என் வேலை. குறித்த கையோடு வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பேன். கைத்தொலைபேசிக்கு எடுத்தால் எங்கே இருந்தும் பேசலாம் அல்லவா? அதனால் வீட்டுத் தொலைபேசியை அவளுடைய படிப்பு மேசைக்கு நகர்த்தி வைத்திருந்தேன். மூன்றாவது தடவை மணி அடிப்பதற்குள் அவள் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் ஒரு நாளும் தவறவில்லை.

"எங்க இருக்க?"

"கதிரையிலம்மா."

இரவு நாட்குறிப்பில் எழுதுவேன்: "வீட்டில். சரி." அதன் கீழே: "9.30 தூக்கம்."

மேல் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பின்னேரங்களில் ஒழுங்கையில் பெட்மின்டன் விளையாடுவார்கள். போய் அரை மணித்தியாலம் விளையாடவா என்று மகள் மூன்று தடவை கேட்டாள். மூன்றுக்கும் குறிப்பு இருக்கிறது. மூன்றிலும் என் பதில் ஒன்றுதான். நான்காவது தடவை அவள் கேட்கவில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பாடசாலை திறந்த இரண்டாவது வாரக் கடைசியில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. அவளுடைய பழைய வெள்ளைச் சப்பாத்து காலில் ஏறவில்லை. 1.15க்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்தித்து, புதிய சப்பாத்து வாங்கினோம். கடையை விட்டு வெளியே வரும்போது மழை பிடித்துவிட்டது. அம்பிட்டிய பஸ் புறப்படும் நிலையில் நின்றது. ஆசனங்களின் எண்ணிக்கைக்கு மட்டுமே ஆட்களை ஏற்றிய காலம் அது. விட்டால் முக்கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். "ஓடு" என்று சொல்லிவிட்டு நானும் ஓடினேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒரு கையில் குடை, மற்றக் கையில் சப்பாத்துப் பெட்டி. நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். மிதிபலகையில் ஏறி, அவள் எனக்கு முன்னாலேயே ஏறியிருப்பாள் என்று உள்ளே பார்த்தேன். இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

பாதி வழியில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை அவள் மேலேயே பெய்தது. முகக்கவசம் வாயோடு ஒட்டி ஒட்டி விலகுவது எனக்குத் தெரிந்தது.

நடத்துநர் நல்ல மனுஷன். பஸ்ஸை நிறுத்தி வைத்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா அந்தக் காலத்துல கப் எடுத்தவங்க போல. ட்ரைவர் மாமா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. தங்கச்சி இன்னைக்கு வந்து சேர மாட்டா."

பஸ்ஸில் சிரித்தார்கள். முன் ஆசனத்திலிருந்த ஒரு அம்மா, "இப்ப உள்ள புள்ளைங்களுக்கு விரல்தான் ஓடுது, காலு ஓடல" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

இவள் இருநூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். மகள் நடந்து வந்து ஏறினாள். என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் யன்னலோரம் உட்கார்ந்தாள். வீடு வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அவளுடைய தலையைத் துவட்டிவிட்டபடி கேட்டேன்.

"காலு நோவுதா?"

"நோவல. மூச்சு வரல. காலும் என்னோடது மாதிரி இல்ல."

"எப்ப இருந்து?"

"தெரியல. ஸ்கூல் தொறந்து முதல் நாள் மாடிப்படி ஏறுறப்பதான் தெரிஞ்சிச்சி. மூணாம் மாடிக்கு ரெண்டு தரம் நின்னு நின்னு போனேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் துவாயின் முனையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் விடவில்லை. இரவில் சரியாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன். அவள் லேசாகச் சிரித்தாள்.

"நீங்க லைட்ட நூத்துட்டுப் போவீங்க. நான் மூணு, நாலு மணி வரைக்கும் முழிச்சிக்கிட்டு இருப்பேன். சில நாள் விடிஞ்சிரும். லொக்டவுன்ல பகல்ல மேசையிலேயே தலைய வச்சுத் தூங்குவேன். ஃபோன் காதுக்குப் பக்கத்துலதானே. முதல் மணியிலேயே முழிப்பு வந்திரும்."

"கட்டில்ல போய்ப் படுத்திருக்கலாமே."

"படுத்தா மூணாவது மணிக்குள்ள வந்து எடுக்க ஏலாதும்மா."

அவள் குறை சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். நான் துவாயை மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன். ஒன்றரை வருடமாக அவளைப் பத்திரமாக வைத்திருந்த கதிரையை நான்தான் கொடுத்தேன். அதிலிருந்து எழும்ப விடாமல் செய்ததும் நான்தான். விளக்கை அணைத்த நேரத்தைத் தூங்கிய நேரம் என்று எழுதியிருக்கிறேன். பாமசியில் இன்னொருவர் அப்படி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அடுத்த வருடப் போட்டிக்கான அஞ்சலோட்ட அணியை விளையாட்டு மிஸ் சேர்க்கிறாராம். பழைய அணியில் இருந்தவர்களை முதலில் கூப்பிட்டாராம். திங்கட்கிழமை பெயர்ப் பட்டியல் போடுகிறார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

"அம்மா விட மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஓடாதே என்று நான் எப்போது சொன்னேன்? மிஸ்ஸோடு நான் பேசுகிறேன், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன்.

"வேணாம்மா. அம்மா விடலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஓட ஏலாதுன்னாத்தான் வெக்கம். பழைய ஆளுங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

அன்று மாலை ஆறு மணிக்கு முன்பே தொலைபேசி அடித்தது. மகள் பழக்கத்தில் பாய்ந்து எழுந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு எடுத்தேன். விளையாட்டு மிஸ்தான் பேசினார். நல்ல பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். மகளைப் போன்ற பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கலாமா என்று மரியாதை குறையாமல் கேட்டார். பரீட்சை என்று பயப்படாதீர்கள், வாரத்துக்கு இரண்டு நாள்தான் பயிற்சி என்றார். வேண்டுமானால் தானே பஸ் ஏற்றி அனுப்புவதாகவும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் ஒருவேளை மிஸ் அவளை மெதுமெதுவாகப் பழக்கியிருப்பார். இன்றும் அந்த எண்ணம் வரும். ஆனால் மகள் யன்னலடியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பார்த்த அதே முகம். பஸ்ஸில் நான் செய்யாததை இங்கே செய்ய வேண்டும் என்று மட்டும் அப்போது தோன்றியது.

"ஆமா மிஸ், நான்தான் விடல" என்றேன்.

"ஏன் அம்மா? நல்லா ஓடுற புள்ள."

"தெரியும் மிஸ். ஆனாலும் நான்தான் விடல."

 அவர் சரி என்று வைத்துவிட்டார். பிள்ளையின் அருமை தெரியாத தாய் என்று நினைத்திருப்பார். மகளுக்காகச் சொன்ன பொய் என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். ரிசீவரை வைத்து நான்கைந்து நிமிடம் கழித்துத்தான், நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பது உறைத்தது.

அவள் திரும்ப ஓடவில்லை. திங்கட்கிழமை பட்டியலில் வேறு பிள்ளையின் பெயர் இருந்தது. நடை, படி ஏறுவது, பின்னேரத்தில் பெட்மின்டன் என்று உடம்பு ஓரளவு தேறியது. தூக்கம் ஒழுங்குக்கு வர ஏழெட்டு மாதங்கள் எடுத்தன. இப்போது பேராதனையில் படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள். விளையாட்டுப் போட்டிகளைப் பார்க்கப் போகிறாளா என்று நான் கேட்பதில்லை. கொரோனா எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. அது என் கெட்டித்தனம் என்று அண்டை வீட்டார் இப்போதும் சொல்வார்கள். நான் தலையாட்டிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் காலை 6.30 பூசைக்கு மகளோடு போவது எங்கள் வழக்கம். பூசை தவறுவது எங்கள் வீட்டில் சின்ன விஷயமல்ல. 4.50க்கு எழுந்ததும் அடுப்படிக்குப் போகாமல் நேராக அவளுடைய அறைக்குப் போனேன். ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று எனக்குத் தெரியாது. அன்றைய பக்கத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். அலாரத்தை நிறுத்தினேன், யன்னல் திரையை இழுத்து மூடினேன், எழுப்பாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கும் அடைத்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒன்றரை வருடம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அந்தத் தாமதத்துக்கான விலையை அவள்தான் கொடுத்தாள்.