மகளின் சீட்டை மாற்றிய அப்பா

டெல்லி மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். போன வருடம் பல்கலைக்கழகச் சேர்க்கையின் முதல் சுற்றிலேயே என் மகளுக்கு ஒரு சிறிய கல்லூரியில் வரலாறு கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட பாடம்.

"இதுவே போதும்பா. இந்த இடத்தையே உறுதியாக்கி ஃப்ரீஸ் பண்ணிடுங்க."

"சும்மா இரு. ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் அந்தக் காலேஜ் பேரே தெரியல."

பெரிய கல்லூரி என்றால் எந்தப் பாடமும் சரி என்று விருப்பப் பட்டியலைப் போட்டதே நான்தான். அவள் குளிக்கப் போன நேரத்தில் சேர்க்கை இணையதளத்தில், அடுத்த சுற்றில் இதைவிட மேலான இடம் கேட்கும் 'அப்கிரேட்' கொடுத்தேன். பட்டியலில் மேலே உள்ளது கிடைத்தால் கையில் உள்ள இடம் ரத்தாகும் என்று அங்கேயே எழுதியிருந்தது. படித்தேன், பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் சுற்றில் பெரிய கல்லூரி கிடைத்தது. பாடம், தத்துவம். வரலாற்று இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

"இப்ப ஆபீஸ்ல போய்ப் பெருமையா சொல்லுங்க" என்றாள். இன்றும் கல்லூரியைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை.

எங்கள் ஆபீஸ் டிரைவரின் மகளுக்கு எங்கும் இடமில்லை. அஞ்சல்வழியில் படிக்கிறாள். என் மகளுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. அதைப் பிடுங்கிய முட்டாள் நான்.

இந்த வருடம் மகனின் முறை. சேர்க்கைத் தளத்தின் பாஸ்வேர்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

"பட்டியலை நீயே போடு. நான் தொடமாட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் சொன்னாள்: "இதை எனக்கும் சொல்லியிருக்கலாம்பா."