அக்கா வீட்டின் வயது

பழங்கட்டடப் பதிவகத்தில் அவரை எல்லோரும் அங்குலம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடமாக நகரத்துப் பழைய கட்டடங்களை அளப்பதுதான் வேலை. ஜன்னல் குழியில் நாடாவை வைத்துச் சுவரின் கனம் பார்ப்பார். படியின் உயரம் பார்ப்பார். பூச்சு உதிர்ந்த இடம் கிடைத்தால் போதும், செங்கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் நகருவார். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் பந்தியை விட்டுவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்க்கிற ஆள் என்று அவர் மனைவி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு முறையாவது அழுதிருக்கிறாள்.

அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: முதலில் செங்கல்லை அள, அப்புறம் ஆண்டுக்கல்லைப் படி. கல்லில் யார் எதை வேண்டுமானாலும் செதுக்கலாம். செங்கல் அதைச் சுட்ட சூளையின் காலத்தைத்தான் காட்டும்.

இந்த விதியை அவர் தெரிந்தே மீறியது ஒரே ஒரு வீட்டில். அது சொந்த அக்காவின் வீடு.

பதினோரு வருடத்துக்கு முன் அக்காவும் அவள் புருஷனும் மரக்கடைத் தெரு முனையில் இருந்த வளைவு வைத்த பழைய வீட்டை வாங்கினார்கள். பார்க்கப்போன அங்குலம் வாசற்கதவுக்கு மேலே வெள்ளையடித்து வெள்ளையடித்து மொத்தையாகிப்போன ஒரு கல்லைக் கண்டார். அக்காவின் சமையலறைக் கரண்டியை வாங்கிச் சுரண்டினார். ஆண்டு தெரிந்தது. விரல் விட்டுக் கணக்குப் போட்டார், இருநூறைத் தாண்டியது. நகரத்துக் குடியிருப்புகளிலேயே மூத்தது, அதுவும் அக்கா வீடு. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல்லைப் பார்க்கப் பூச்சை உடைக்க வேண்டும். புது வீட்டுக்காரியிடம் உளியை நீட்டுவது நன்றாக இருக்காது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். படிவத்தில் முதல் தரம் என்று எழுதினார், வீடு பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. வாசலில் பித்தளைத் தகடு ஏறியது. பதிவகத்தின் கையேட்டுக்கு அந்த வீடே அட்டைப்படம். ஞாயிறு காலை அங்குலம் கூட்டிவரும் நகர உலாக்காரர்கள் கடைசியாக அங்கே வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது வருடம் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டாள்.

முதல் தரம் என்றால் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். இப்போது கீழ்த்தளத்து உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. சமையலறை நடுவில் கொத்தனார் ஓர் இரும்புக் கம்பத்தை முட்டுக் கொடுத்திருந்தார். அக்கா அதைச் சுற்றிச் சுற்றித்தான் சமைத்தாள். அதே உத்தரத்தின் மறுமுனைக்குக் கீழே, பக்கவாதத்தில் விழுந்த அக்கா புருஷனின் கட்டில். மற்ற அறையெல்லாம் மாடியில். மாடிப்படியோ ஏணிக்குத் தம்பி. கான்கிரீட் கூரை போட அவள் கொடுத்த மனு திரும்பி வந்தது. பழையபடி அதே மரம், அதே சுண்ணாம்புதான் போடலாம், அதுவும் பதிவகத்தின் குழு கூடி ஒப்புக்கொண்ட பிறகு. குழு நான்கு மாதத்துக்கு ஒரு முறை கூடும். போன இரண்டு தடவையும் போதுமான ஆள் வரவில்லை. மழைக்கு நாற்பது நாள் இருந்தது.

மறு மனுவுக்குப் படம் எடுக்க அங்குலம் போனபோது, கம்பம் முட்டுக்கொடுத்த அதிர்வில் வாசலுக்கு மேலே பூச்சு பெயர்ந்து கிடந்தது. நாற்காலி போட்டு ஏறினார். இருநூறு வருடத்துச் செங்கல் மெல்லிசாக இருக்கும், கல்லைச் சுற்றி இருந்ததெல்லாம் கனத்த செங்கல். ஒன்றின் முதுகில் பள்ளம், பள்ளத்துக்குள் சூளையின் முத்திரை. அந்தச் சூளை எரியத் தொடங்கியே தொண்ணூறு வருடம்தான் ஆகிறது. அது அவருக்கு மனப்பாடம். கல்லின் வலது ஓரத்தில் கொடி வேலைப்பாடு பாதியில் அறுபட்டிருந்தது. பதினோரு வருடமாக உலாக்காரர்களிடம் அதைக் காட்டி, காலம் தின்றது என்று உருகியிருக்கிறார். காலம் ரம்பம் வைத்து அறுக்காது. எங்கோ இடிந்த கட்டடத்தின் கல்லை யாரோ அளவுக்கு வெட்டி இங்கே வைத்திருக்கிறார்கள்.

நாற்காலியில் நின்றபடியே அக்காவிடம் சொன்னார். அவள் கையிலிருந்த துணியை உதறினாள்.

"அப்ப இத்தனை வருஷமா நீ சொன்ன வயசுக்கு நான் அடங்கிக் கிடந்திருக்கேன். எங்க தலைமேல உட்கார்ந்திருக்கறது வீடு இல்ல, உன் வாய்தான்."

"எழுதிக் குடுக்கறேன்க்கா. பட்டியல்ல இருந்து எடுத்துட்டா ஒரே வாரத்துல கூரை போட்டுடலாம்."

"எழுதுவியா? உன் பேர் போயிடுமே."

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள், தாம் செங்கல்லை அளக்காமல் ஆண்டு குறித்ததாக ஒரு பக்கம் எழுதி, அளவுகளோடு பதிவாளர் அம்மாவின் மேஜையில் வைத்தார். அந்த அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கையேடு மூன்றாம் பதிப்புக்குப் போயிருக்கிறது, தகட்டை ஒரு பெரிய மனிதர் வந்து திறந்துவைத்திருக்கிறார், இப்போது போய் இதை எப்படி என்று கேட்டார்.

"கட்டடத்துக்கு வயசு ஏறும் சார். இறங்கினதா நம்ம ஆபீஸ்ல வழக்கமே இல்லை. அடுத்த குழுவுல வைப்போம்."

அடுத்த குழுவுக்குள் மழை வந்து, போய், துணியும் காய்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். அங்குலம் வழக்கம்போல் கடைசியாக அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினார். கல்லைக் காட்டவில்லை. நாற்காலியில் ஏறி, செங்கல்லில் நாடாவை வைத்து, அளவை உரக்கப் படித்தார். முத்திரையைப் படித்தார். இந்த வீட்டுக்கு வயது தொண்ணூறுக்குள், இருநூறு என்று எழுதியது நான், அளக்காமல் எழுதினேன் என்றார். முப்பது போன்களும் அதைப் படம் பிடித்தன.

அப்புறம் குழு ஐந்தே நாளில் கூடியது. போதுமான ஆள் வந்தார்கள், நாற்காலிதான் போதவில்லை. வீடு பட்டியலிலிருந்து போயிற்று. அங்குலம் வெளிவேலையிலிருந்து ஆவண அறைக்குப் போனார். மழைக்கு எட்டு நாள் முன்னால் அக்கா வீட்டில் கான்கிரீட் இறுகிவிட்டது.

ஆனால் ஆவண அறைக்கு வெளியே கூட்டம் குறையவில்லை. பட்டியலில் உள்ள வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எங்க வீட்டுக்கும் வயசைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க சார் என்றார்கள். ஒருவர் கொண்டுவந்தது போன மாதம் சூளையிலிருந்து இறங்கிய செங்கல். எல்லோரையும் அவர் விரட்டினார். விரட்ட விரட்ட அவருக்கே குரல் சன்னமாகிப்போனது.

கூரை பார்க்கப் போன அன்று, கம்பம் இல்லாத சமையலறையில் அக்கா காப்பியை நீட்டியபடி கேட்டாள்.

"இந்த ஒரு வீடுதான் தப்பா? இல்ல, கல்லைப் படிச்சிட்டு அப்பறம் அளந்தது வேற ஏதாவது இருக்கா?"

அங்குலம் காப்பியைக் குடித்தார். கல்லை முதலில் பார்த்துவிட்டால், அதற்குத் தோதான செங்கல்லைத்தான் கை தேடிப்போய் அளக்கும் என்பது அவருக்குத் தெரியும். பதிவேட்டில் அவர் கையெழுத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்கள் இருந்தன. எதில் எதை முதலில் பார்த்தார் என்று எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. அப்படி ஒரு கட்டமே படிவத்தில் கிடையாது.

"தெரியலக்கா" என்றார்.