"கதவைச் சாத்திப் பாருங்க" என்றேன்

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரில் ஆசிரியராக இருந்த நான், ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். மரவேலைக்கு எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரை அமர்த்தினேன். ஏர், வண்டிச் சக்கரம், கட்டில் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் செய்து கொடுத்து, மூன்று பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தவர். எவ்வளவு வேலையிருந்தாலும் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். "வூட்ல நாலு பேரும் தட்ட வச்சிக்கினு உக்காந்துக்கினு இருப்பாங்க சார்" என்பார்.

என் நிலத்தில் அப்போதுதான் வெட்டிய வேப்பமரத்தைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார்.

"பச்ச மரம் சார். ஒரு கோடையாவது காயணும். மளையில உப்பிக்கும்."

"பாடம் நடத்துறது என் வேலை. நீங்க கதவைப் பண்ணுங்க" என்றேன்.

பண்ணிக் கொடுத்தார். நான் அதன்மேல் பெயின்ட் அடித்தேன்.

கார்த்திகை மழையில் வாசற்கதவு உப்பி, சாத்தவே முடியாமல் போனது. வாத்தியார் வீட்டில் நாய்க்குத்தான் நல்ல வசதி என்று தெருவில் சிரித்தார்கள். அந்த எரிச்சலில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து ஒருவர் மனைவியுடன் வந்தார். அவரும் தச்சர். எங்கள் தச்சரின் மூத்த மகளைத் தன் மகனுக்குப் பார்க்க வந்தவர், அந்தக் குடும்பத்தைப் பற்றி முதலில் என்னிடம் விசாரித்தார்.

"அவர் வேலை எப்படின்னு இந்தக் கதவைச் சாத்திப் பாருங்க" என்றேன்.

தள்ளிப் பார்த்தார். கதவு நிலையில் உட்காரவில்லை. மரம் பச்சை என்பதை நான் சொல்லவில்லை. இருவரும் பெண் வீட்டுக்குப் போகாமலே பஸ் ஏறிவிட்டார்கள்.

கதவைச் சரிசெய்ய வரும்படி தச்சருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். மறுநாள் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. "இப்ப இழைச்சா கோடையில விரல் போற சந்து வுடும் சார். பங்குனியில நானே வந்து செய்றேன்" என்றார். பிறகு தானாகவே, "நேத்து பெரிய பொண்ண பாக்க வர்றேன்னாங்க. வர்ல. மளையில பஸ்ஸு கெடைக்கலியோ இன்னாவோ. பொண்ணு சாய்ங்காலம் வரைக்கும் பொடவைய மாத்தாம உக்காந்துக்கினு இருந்துச்சி" என்றார்.

அன்றே செங்கல்பட்டுக்குப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்றபடியே சொன்னேன். மரம் பச்சை, அவர் வேண்டாமென்றார், நான்தான் கேட்கவில்லை.

அந்த மனிதர், "பெயின்ட்டு பூசி மறைச்சிட்டிங்களே சார், எனுக்கு எப்டித் தெரியும்? பச்ச வேம்புல ஒரு மூட்டுகூட பிரியாம சேத்துகீறாரே! அந்தக் கைய வுட்டுட்டு வேற எங்க போயி சம்பந்தம் பண்றது?" என்று சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "ஒரு பொண்ணோட வாய்க்கை சார் அது" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தச்சர் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, முதல் தாம்பூலத்தை எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பங்குனியில் வந்து கதவை இழைத்துக் கொடுத்தபோதும் சொல்லவில்லை. மற்ற இரு பெண்களையும் நல்லபடி கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளைக் கண்டபிறகே அவர் காலமானார்.

போன மாதம் அந்த மூத்த மகளைப் பார்த்தேன். இன்று அவரே பேரன் எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நைனாவுக்கு அப்பவே தெரியும் சார். என் மாமனாரு சொல்ட்டாரு. தப்ப ஒத்துக்கினு பஸ் ஏறி வந்த மனுசன், அவருக்குத்தான் மொத தாம்பூலம்னு நைனாதான் சொல்லுச்சி."

இப்போதும் யாராவது ஒருவரைப் பற்றி என்னிடம் விசாரித்தால், அவருடைய குறையில் என் பங்கு எவ்வளவு என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.