மைமூன் சொன்ன ஆட்டம்

பர்மாவில், பசுந்தாங் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜுல்ஃபிகரின் டீக்கடை இருக்கிறது. நான் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். நகரின் நடுவே கியாக்டடாவில் அலுவலகம். பஸ் பிடிக்கப் போகும் வழியில் அந்தக் கடையில் ஒரு டீ குடிக்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. அதனால் ஜுல்ஃபிகரின் மனைவி மைமூனைப் பற்றி நான் சொல்லப்போவதில் பெரும்பாலானது கண்ணால் பார்த்தது. மீதி அவர்கள் வாயால் கேட்டது.

மைமூனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குக் கால்பந்து என்றால் கணவரின் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை மட்டும்தான். ஜுல்ஃபிகர் துறைமுகத் தொழிலாளர் அணியில் இடதுபக்கம் ஓடி ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகு கடையில் டிவி வாங்கி வைத்தார். சர்க்கரை நோய் முதலில் அவருடைய ஒரு கண்ணைப் பிடித்தது, அடுத்த வருஷம் இன்னொன்றையும் பிடித்தது. ஆபரேஷன் செய்தும் பலனில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அதன் பிறகு கடை மைமூனின் கைக்கு வந்தது. டீ ஆற்றுவது, பலாட்டா என்று இங்கே சொல்லும் பரோட்டாவுக்கு மாவு வீசுவது, ஆட்களை வேலை வாங்குவது எல்லாம் அவர்தான். ஜுல்ஃபிகர் கடையின் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார்.

ஐரோப்பிய ஆட்டங்கள் எல்லாம் இங்கே நடுராத்திரியில் வரும். அந்த நேரத்தில் ஊரடங்கு, கடை திறக்க முடியாது, தெருவில் நடமாடவும் கூடாது. ஆனால் தென் அமெரிக்காவில் விளக்குப் போட்டு ஆடும் ராத்திரி ஆட்டம் நமக்குக் காலை ஏழு மணி வாக்கில் வரும். அப்படித்தான் அந்தக் கண்டத்து கிளப்புகள் மோதிக்கொள்ளும் கோபா லிபர்ததோரஸ் போட்டி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. வர்ணனை ஸ்பானிஷ் மொழியில் இருக்கும். ஜுல்ஃபிகருக்கு அதில் ஒன்றும் புரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். டீ குடிக்க வந்தவர்கள் "அவுட்", "கோல்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் பிப்ரவரி மாதம், தகுதிச் சுற்றில் ரியோவின் பொட்டாஃபோகோ கிளப் ஒரு பொலிவிய அணியோடு ஆடியது. ஜுல்ஃபிகர் யாரிடமோ பந்து எங்கே என்று கேட்டார். பதில் வரவில்லை. பாலை ஆற்றிக்கொண்டிருந்த மைமூன் நிமிர்ந்து டிவியைப் பார்த்து, "அந்தா, பாத்திரம் கழுவுற பக்கம் ஒருத்தன் கொண்டு போறான்" என்றார்.

ஜுல்ஃபிகருக்கு அது போதுமாக இருந்தது. கடையின் ஒவ்வொரு மூலையும் அவருக்குக் கைப்பழக்கம். பாத்திரம் கழுவும் பக்கம் என்றால் இடதுபுறம். அவன் பின்னால் யார் வருகிறார், நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டார். மைமூன் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அன்று பொட்டாஃபோகோ ஆறு கோல் போட்டது. ஆட்டம் முடிவதற்குள் கடை முழுவதும் மைதானமாகிவிட்டது. தெருப்பக்கம் வலதுபுறம். மாடிப்படி இருக்கும் இடம் நம்முடைய கோல். பலாட்டாக் கல் இருக்கும் இடம் எதிராளியின் கோல். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமே என்று ஒருவர் கேட்டதற்கு, "அங்க மாறட்டும், எங்க கடையில மாறாது" என்றார் மைமூன். நாம் போடும் கோல் எப்போதும் பலாட்டாக் கல்லில்தான் விழும்.

பொட்டாஃபோகோவை 'நம்ம ஆளு' ஆக்கியதும் மைமூன்தான். சட்டையில் ஒற்றை நட்சத்திரம் இருந்தது, அடையாளம் கண்டுகொள்ள எளிதாக இருந்தது, அதுதான் காரணம். அந்தக் கிளப் இந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்று ஜுல்ஃபிகர் சொன்ன பிறகு அவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. பிரிவு ஆட்டங்களில் முதல் இரண்டிலும் நட்சத்திரக்காரர்கள் தோற்றார்கள். வேறு அணியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். மைமூன் கேட்கவில்லை.

வெயில் காலத்தில் மின்வெட்டு முற்றியது. காலை ஆட்டங்கள் பாதிக்கு மேல் இருட்டு டிவியோடு போயின. மைமூன் தன் போனில் ஆட்டத்தைப் பிடித்துவிடுவார். உள்ளங்கை அகலத் திரையை அத்தனை பேரும் பார்க்க முடியாது. அதனால் கணவருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் குரல் உயர்த்திக் கடைக்கே சொன்னார். தமிழில் ஆரம்பிப்பார், பர்மியர்களுக்காக நடுவில் பர்மிய மொழிக்கு மாறுவார், கோல் விழும் நேரத்தில் எல்லாம் மறந்து மறுபடி தமிழுக்கு வந்துவிடுவார். எங்கள் தெருவில் பஸ் நிறுத்தும் பர்மிய டிரைவர்கள் கோல் விழுந்தால் 'உள்ள', தவறினால் 'போச்சு' என்ற இரண்டு தமிழ் வார்த்தைகளைக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அந்த டிரைவர்களை அழைத்து வந்தவர் உதயசூரியன். நம் தமிழ் ஆள், அவர்களுடைய பஸ் லைனிலேயே ஓட்டுபவர். ஷிப்ட் மாறும் நேரத்தில் நாலைந்து பேரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

இது ஜுல்ஃபிகரின் அண்ணன் பர்கத்துல்லாவுக்குப் பிடிக்கவில்லை. பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர், மரியாதையான மனிதர். ஒருநாள் கடைக்கு வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுப் பெண் இத்தனை ஆண்களுக்கு நடுவில் சத்தம் போடுவது நன்றாக இல்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். மைமூன் பலாட்டாக் கல்லருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ சத்தம் போடல காக்கா" என்று அண்ணனிடம் சொன்னார் ஜுல்ஃபிகர். "எனக்குப் பார்த்துக் காட்டுறா. மத்தவங்களுக்கும் கேட்குது, அவ்வளவுதான்."

பர்கத்துல்லா எழுந்து போனார். இன்றுவரை ஆட்டம் நடக்கும் காலையில் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கே அவர் மனைவி நபீஸா ஒரு முக்காலியோடு வந்து மாடிப்படியடியில் உட்கார்ந்தார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் காலிறுதி. சாவ் பாலோ ஊரில் அந்த ஊர் அணியோடு. ஆட்டம் சமனாகி, பெனால்டி உதைகளில் வந்து நின்றது. கடையில் நிற்க இடமில்லை. மழை வேறு, கரண்ட் இல்லை. மைமூன் ஒவ்வொரு உதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவு தெரியப்போகும் சமயத்தில் போனில் படம் உறைந்துவிட்டது. நெட் போய்விட்டது.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒரு டிரைவர் பொறுமையிழந்து, எப்படியும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, எதையாவது சொல்லுங்கள் என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள், ஆனாலும் கேட்டார்கள்.

மைமூன் போனைக் கீழே வைத்தார். "பார்க்காததைச் சொன்னா, பார்த்துச் சொன்னதையும் இவரு எப்படி நம்புவாரு?" என்று கணவரைக் காட்டினார்.

மழைச் சத்தத்தில் காத்திருந்தோம். நெட் வந்தபோது பச்சைத் தரையில் நட்சத்திரக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அதை அப்படியே சொன்னார் மைமூன்: "உதையை நான் பார்க்கல. ஆனா நம்ம ஆளுங்க எல்லாம் குவியலா கிடக்குறாங்க. ஜெயிச்சுட்டாங்க." அன்று நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். பஸ்களும் தாமதமாகத்தான் கிளம்பியிருக்கும்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் அக்டோபரில், உருகுவேயின் பென்யரோல் அணியோடு. கரண்ட் இல்லாமல் போனில் போன முதல் பாதியில் கோல் இல்லை. மைமூனின் குரல் கம்மியிருந்தது. இடைவேளையில் தெருவெங்கும் "மீ லாபி" என்று சத்தம் எழுந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். டிவி உயிர்பெற்றது. பெரிய திரை, நல்ல படம், ஸ்பானிஷ் வர்ணனை. எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள். மைமூன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு டீப் பட்டறைக்குப் போய்விட்டார். இனித் தன் வேலை இல்லை என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. கோபமோ வருத்தமோ இல்லை. கொஞ்சம் நிம்மதிகூட இருந்திருக்கும்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஜுல்ஃபிகர் நடுநாற்காலியில் இருந்தபடி மனைவி இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பினார். கூப்பிடவில்லை. கடை நிறைய கூட்டம், டீ கேட்கிறார்கள், அவளுக்கு வேலை இருக்கும் என்று இருந்துவிட்டார்.

உதயசூரியன் எழுந்து போய் டிவியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தார்.

"அக்கா, கரண்டு வந்தா வந்துட்டுப் போகுது. நீங்க சொல்லுங்க."

மைமூன் தயங்கினார். எல்லோருக்கும் தெரிகிறதே, எதற்கு என்றார். அப்போது மூலையிலிருந்த வயதான பர்மிய டிரைவர் ஒருவர், தெரிகிறது, ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மா மைமூன் சொன்னால்தான் தெரியும் என்றார். பெண்களை அவர்கள் மரியாதையாக 'மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். மைமூன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கணவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அங்கே நின்று ஐந்து கோல்களைச் சொன்னார். ஐந்தும் அந்த ஒரு பாதியில். மூன்றாவது கோலுக்கே அவர் குரல் கட்டிவிட்டது. நபீஸா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் தொடர்ந்தார். ஜுல்ஃபிகர் நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியைக் கடைசிவரை விடவில்லை.

மறு ஆட்டத்தில் தோற்றும், கோல் கணக்கில் நட்சத்திரக்காரர்கள் இறுதிக்குப் போனார்கள். இறுதிப் போட்டி புவனஸ் அயர்ஸில், எதிரணி அத்லெட்டிகோ மினெய்ரோ. அதுவும் பிரேசில் கிளப்தான். அங்கே மாலை ஆட்டம் என்பதால் நமக்கு விடியலுக்கு வெகுமுன். கடையில் கூட முடியாது. மைமூன் ஒரு முடிவு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்ப்பது, அதுவரை யாரும் முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவரும் பார்க்க மாட்டார். முடிவு தெரிந்தால் சொல்லும்போது நாக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

பதிவை இறக்கித் தரும் வேலை என்னுடையது. தலைப்பிலேயே முடிவு கொட்டை எழுத்தில் இருந்தது. ஆக, அன்று அந்தக் கடையில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான். முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என்னை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பலாட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றேன்.

மைமூன் ஆரம்பித்தார். நாலு வாக்கியம் சொல்லியிருப்பார், நின்றுவிட்டார்.

"என்ன புள்ள?" என்றார் ஜுல்ஃபிகர்.

"நம்ம ஆளு ஒருத்தனை வெளிய அனுப்பிட்டாங்க. சிவப்பு அட்டை."

"அதுக்குள்ளயா?"

"ஒரு நிமிஷங்கூட ஆகல."

கடை சுருங்கிப்போனது. ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். முழு ஆட்டத்தையும் பத்துப் பேரோடு ஆட வேண்டும். போச்சு என்று யாரோ தமிழில் சொன்னார். ஜுல்ஃபிகர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மிச்சம் பத்துப் பேரும் எங்க நிக்கிறாங்க, அதைச் சொல்லு" என்றார்.

மைமூன் ஒவ்வொருவராகச் சொன்னார். மாடிப்படிக்கு முன்னால் நாலு பேர். பாத்திரம் கழுவும் பக்கம் ஒருவன் இறங்கி வந்துவிட்டான். தெருப்பக்கம் இருப்பவன் மட்டும் முன்னால் தனியாக நிற்கிறான். ஜுல்ஃபிகர் கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தார். பயந்து பின்னால் ஓடவில்லை, நல்லது என்றார். அதன் பிறகு மைமூனின் குரலில் நடுக்கம் இல்லை. முதல் பாதி முடியுமுன் ஒரு கோல், பிறகு பெனால்டியில் இன்னொன்று. இரண்டும் பலாட்டாக் கல்லில். இடைவேளை முடிந்ததுமே எதிரணி ஒன்று திருப்பியது. அதிலிருந்து பந்து மாடிப்படிப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. பந்தை எடுத்து வெளியே அடித்த ஒவ்வொரு காலையும் மைமூன் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு முடிவு தெரியும். இருந்தும் நான் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி அவரையே பார்க்க ஆரம்பித்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது கோல் விழுந்தபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை "உள்ள" என்பதுதான். அதைக் கடை முழுவதும் திருப்பிச் சொன்னது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஜுல்ஃபிகர் கையை நீட்டினார். மைமூன் அதைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

குளிர்காலம் முடியுமுன் பஸ் லைன்களுக்கிடையே வருஷாந்தரக் கால்பந்து நடந்தது. உதயசூரியன் வந்து மைக்கில் பேச வேண்டும் என்று மைமூனைக் கேட்டார். அங்கே பலாட்டாக் கல் இல்லையே என்று மைமூன் சிரித்தார். ஆனால் போனார். மைதானத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தை மரப்பக்கம் என்றும் மறுபக்கத்தைத் தகரப்பக்கம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இம்முறை நெட் இல்லை, திரை இல்லை. ஆட்கள் கண்ணெதிரே ஓடினார்கள்.

நானும் ஜுல்ஃபிகரும் கயிற்றுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் அவர் குரல் மைதானம் முழுவதும் போனது. பக்கத்தில் இருந்த, வேறு லைனைச் சேர்ந்த ஒருவர் ஜுல்ஃபிகரிடம் பர்மிய மொழியில் கேட்டார், நீங்கள் எந்த அணியில் ஆடியவர் என்று. துறைமுக அணியின் பெயரைச் சொல்வார் என்று நான் நினைத்தேன்.

ஜுல்ஃபிகர் ஒலிபெருக்கி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"நான் அந்தம்மாவோட வீட்டுக்காரர்" என்றார்.