பத்துக் கைத் துர்க்கையும் டயர் கடைக் காளியும்

சுடலைக்கண்ணன் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டாமல் அவன் கதை விளங்காது. திட்டாமல் எனக்கும் சோறு இறங்காது.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலிருந்து உப்பளத்துப் பக்கம் திரும்பினால் 'நவபல்லவ்' என்று ஒரு பலகை தொங்கும். வங்காளமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் முற்போக்குப் பள்ளி. தமிழும் உண்டு, வாரத்துக்கு இரண்டு பீரியட், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, பிள்ளைகளுக்குக் கண் சொக்குகிற நேரத்தில். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. சார்ட் பேப்பர், பசை, ஜிகினா எல்லாம் என்னிடம்தான் வாங்குவார்கள். அதனால் அவர்களுடைய பண்பாடு என்ன விலைக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பள்ளியை ஆரம்பித்தவர் லாஹிரி மேடம். புருஷன் இங்கே என்ஜினியராக வந்து, ரிட்டயராகி, ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டார். முதலில் வங்காள அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் படித்தார்கள். அவர்கள் மாற்றலாகிப் போய்விட, இப்போது வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ வங்காளப் பிள்ளை. மீதி எல்லாம் நம் மளிகைக் கடை, இரும்புக் கடை, லாரி ஆபீஸ் பிள்ளைகள். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், "பெரிய ஆபீசர் பிள்ளைய படிச்ச எடம்லா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வங்காளப் பெண்கள் சாயங்காலம் அந்த வாசல் வழியாகத்தான் கூட்டமாக நடந்து போகிறார்கள். அவர்கள் பேசுவதும் வங்காளம்தான். அவர்கள் பிள்ளைகளில் ஒன்றுகூட உள்ளே போய் நான் பார்த்ததில்லை.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். டீச்சரம்மாவைத் 'தீதி' என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம். வாத்தியார் 'தாதா'. எங்கள் ஊரில் தாதா என்றால் போலீஸ் தேடுகிற ஆள். பாடம் மரத்தடியில்தான், செருப்பில்லாமல்தான். சித்திரை வெயிலில் மணல் பொரிகிறபோதும் இயற்கையோடு இணைந்த கல்வி. மழைக்காலத்தில் மரக்கன்றைப் பல்லக்கில் வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து நடுவார்கள். வருஷா வருஷம் அதே குழி. போட்டோ எடுத்த பிறகு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதால் குழி அடுத்த வருஷத்துக்குக் காலியாகக் காத்திருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது புரட்டாசியில் வரும் சரத்கால விழா. வங்காளத்தில் அந்தச் சமயம் வயலெல்லாம் வெள்ளையாக நாணல் பூக்குமாம். இங்கே பூக்குமா? ஈர்க்குச்சியில் பஞ்சை ஒட்டிப் பந்தல் முழுக்க நட்டுவைப்பார்கள். பஞ்சு நம் கடைச் சரக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு வெள்ளை வெளேரென்று மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அதை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, சுடலைக்கண்ணனுக்கு வருகிறேன்.

அவனுக்கு பைபாஸில் பழைய டயர் கடை. கன்டெய்னர் லாரிகளின் டயரை வாங்கி, ஓடக்கூடியதைப் பிரித்து விற்பான். பேச்சு குறைவு, உழைப்பு அதிகம், மேலெல்லாம் ரப்பர் வாடை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிறந்தது. குறைமாதப் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. டாக்டர்கள் கையை விரித்ததும் அவன் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் போய் விழுந்தான். பிள்ளை பிழைத்தால் ஒவ்வொரு தசராவுக்கும் காளி வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தது. அதுதான் இந்துமதி.

வேஷம் என்றதும் நாடக வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மாலை போட்டு, ஒருவேளைப் பச்சரிசிச் சோறு தின்று, தரையில் படுத்து, காப்புக் கட்டிய பிறகுதான் முகத்தில் சாயம் ஏறும். ஏறிவிட்டால் அவன் சுடலை இல்லை. பெற்றவள், கட்டியவள், பிள்ளை எல்லாருக்கும் அவன் 'அம்மா'தான். எவ்வளவு வசதி இருந்தாலும் தெருத்தெருவாகக் கையேந்தி, வாங்கியதைக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். காளி நீட்டிய கையை எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையாக அனுப்பமாட்டார்கள். ஒரு ரூபாயோ ஒரு பிடி அரிசியோ விழும். கூப்பிட்ட வாசலுக்குக் காளியும் போகாமல் இருக்க முடியாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்துமதி திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போவாள்.

நவபல்லவில் சேர்த்தது அவன் பெண்டாட்டி ரம்யா. அங்கே பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது, பெற்றவர்களுக்குத்தான் பேட்டி. "உங்கள் வாழ்வில் மகிழ்ச்சி தருவது எது?" என்று லாஹிரி மேடம் கேட்க, இவன் வெகுநேரம் யோசித்து, "டயர்" என்றானாம். ரம்யா அழுதுகொண்டே வெளியே வந்தாள். மறுநாளே மேடம் ஆள் அனுப்பினார். விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சல் கட்டப் பழைய டயர் கிடைக்குமா? இவன் ஒரு லாரி நிறைய இறக்கினான். பிள்ளைக்கு இடம் கிடைத்தது. டயருக்கெல்லாம் வெள்ளையடித்து, பூக்கோலம் போட்டு, 'மறுசுழற்சி' என்று ஒரு விருதும் வாங்கிவிட்டார்கள். கொடுத்தவன் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

ரம்யா அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. கூலிங் கிளாஸ் வந்தது. புருஷனுக்கு என்ன தொழில் என்று மற்ற அம்மாக்கள் கேட்டால் 'ஆட்டோமோட்டிவ்' என்பாள். தசரா நேரத்தில் அவர் ஊரில் இல்லை, பிசினஸ் ட்ரிப் என்பாள். புருஷன் அப்போது இரண்டு தெரு தள்ளிக் காளியாக நின்றுகொண்டிருப்பான்.

போன வருஷம் இந்துமதிக்கு ஒன்பது வயது. சரத்கால விழா நாட்டிய நாடகத்தில் துர்க்கை அவள்தான். அட்டையில் பத்துக் கை வெட்டி, ஜிகினா ஒட்டியது என் கடையில். அதே வாரம் வகுப்பில் 'எங்கள் வீட்டு வழக்கம்' என்று பிள்ளைகளைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, தசராவுக்கு என் அப்பா அம்மாவாகிவிடுவார் என்று சொல்லியிருக்கிறாள். தீதிக்குப் புல்லரித்துவிட்டது. லாஹிரி மேடமே காரில் டயர் கடைக்கு வந்து இறங்கினார். டெல்லியிலிருந்து விருந்தினர் வருகிறார், நீங்கள் வேஷத்தோடு வர வேண்டும், பத்து நிமிடம் போதும்.

"கூப்பிட்டா வருவேன் மேடம். மேடையில ஆடமாட்டேன். கைய நீட்டுவேன், போடுததப் போடணும்" என்றான் சுடலை.

"நாங்கள் பிச்சை என்ற கருத்தை ஊக்குவிப்பதில்லை" என்றார் மேடம். அவர் பேசுவது புத்தகத் தமிழ். "சன்மானம் உறையில் வைத்துத் தருவோம்."

"உறை வேண்டாம். கையில போடுங்க" என்றான். அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார்.

விஷயம் ரம்யா காதுக்குப் போனது. வகுப்புத் தீதியைத் தேடி என் கடைக்கே வந்துவிட்டாள். நான் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் ஒரு மிஷினாகத்தான் நினைப்பார்கள், அதனால் என் முன்னாலேயே பேசினார்கள்.

"வர்றது இந்துமதி அப்பான்னு மட்டும் மேடையில சொல்லிராதீங்க. எங்க ஸ்டேட்டஸ் என்னாவது?"

தீதி சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. நாட்டுப்புறக் கலைஞன் பெயரில்லாமல் இருப்பதுதான் அழகாம். மேடையில் மேடம் கேட்பார், யார் வந்திருக்கிறார் என்று. 'இந்தக் கடற்கரையின் நாட்டுப்புறக் கலைஞர்' என்று பிள்ளை முதலில் ஆங்கிலத்திலும் அப்புறம் வங்காளத்திலும் சொல்ல வேண்டும். அதை அட்டையில் அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். தூ என்று துப்பலாம் போலிருந்தது, வியாபாரம் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

பிள்ளை வீட்டில் கண்ணாடி முன் நின்று அதை மனப்பாடம் செய்திருக்கிறாள். சுடலை கேட்டுவிட்டான். காப்புக் கட்டுகிறதற்கு முந்தின நாள் என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தான்.

"எம் பிள்ள வாயால என்னய யாரோன்னு சொல்லப்போறா, அண்ணாச்சி."

"எதுக்குலே போற? போவாத."

"கூப்பிட்டுட்டாவளே. அம்மா போவாம இருக்க முடியுமா?"

"ரம்யாகிட்ட நாலு வார்த்தை நல்லாக் கேக்க வேண்டியதுதான?"

"மாலை போட்டிருக்கேன். யாரையும் ஏசக்கூடாது" என்றான். அப்புறம், "இந்த வேசமே அவளுக்காவத்தான் அண்ணாச்சி கட்டுதேன்" என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. ரம்யா மேலா, மேடம் மேலா, எதையும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு போகிற இவன் மேலா என்று தெரியவில்லை.

விழா அன்று கடையை அடைத்துவிட்டு நானும் உள்ளே போனேன். பந்தல் முழுக்க என் பஞ்சு. பெண்களுக்குச் சிவப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலை, வியர்வையில் ஒட்டிக்கொண்டு. முன் வரிசையில் டெல்லி விருந்தினர், கதர் ஜிப்பாவில் ஒரு தொந்தி. மூன்றாம் வரிசையில் ரம்யா, கூலிங் கிளாஸ். மேடையில் இந்துமதி பத்துக் கையோடு, கையில் தகர வேலோடு.

வெளியே மேளம் கேட்டது. காளி வந்தாள். கறுத்த முகம், தொங்கும் நாக்கு, தலை கொள்ளாத கிரீடம், காலில் சலங்கை. நேராக நடந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று, வலது கையை நீட்டினாள்.

ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இத்தனைக்கும் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள், சாத்தான்குளத்திலும் உடன்குடியிலும் பிறந்தவர்கள், வருஷா வருஷம் குலசைக் கடற்கரை மணலில் நின்று கும்பிடுகிறவர்கள். அங்கே கும்பிடு, இங்கே வீடியோ. விருந்தினர் ஏதோ கேட்க, மேடம் கிசுகிசுத்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. மேளக்காரர்கள்கூடச் சங்கடப்பட்டு அடியைக் குறைத்தார்கள்.

மேடம் மைக்கை எடுத்தார். "இந்துமதி, நம் முற்றத்துக்கு யார் வந்திருக்கிறார்? விருந்தினருக்குச் சொல்."

பிள்ளை மைக்குக்கு முன்னால் வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. 'இவர்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. அது சுடலையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தது. வெறும் கை. பிறந்ததிலிருந்து அது அந்தக் கையை வெறுமையாகப் பார்த்ததே இல்லை.

"ஏ, என்னவே பாத்துக்கிட்டு இருக்கிய?" என்று மைக்கில் கத்தியது. "அம்மா கைய நீட்டிக்கிட்டு நிக்காவ, ஒருத்தருக்கும் கண்ணு தெரியலியா? போட்டோ அப்பறம் பிடிக்கலாம், மொதல்ல காச போடுங்கவே!"

பந்தல் கிடுகிடுத்தது. இரும்புக் கடை முதலாளி முதலில் எழுந்தார், பையைத் துழாவிக்கொண்டே. அப்புறம் வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போட்டு, குனிந்து, மேளக்காரர் பிடித்திருந்த தட்டிலிருந்து காளி எடுத்த திருநீற்றை வாங்கினார்கள். சில்லறை இல்லாதவர்கள் 'ஜிபே இருக்கா' என்று மேளக்காரரிடம் கேட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள். டெல்லித் தொந்தியும் ஒரு நோட்டைப் போட்டுக் கும்பிட்டது.

மேடம் சுதாரித்துக்கொண்டார். கேள்வியை விடவில்லை. "நல்லது. இப்போது சொல், இவர் யார்?"

இந்துமதி ஆங்கிலத்தில் சொன்னாள். அப்புறம் வங்காளத்தில், "ஆமார் பாபா. கிந்து எகோன் மா" என்றாள். கடைசியில் மைக்கை விட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே தமிழில் சொன்னாள்: "எங்க அப்பா. ஆனா இப்ப அம்மா."

பள்ளிக்கூடத்தின் எதிரே இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன். அங்கே பேசிய வங்காளத்தில் எனக்கு விளங்கிய வாக்கியம் அது ஒன்றுதான்.

எல்லாத் தலையும் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியது. ரம்யா உட்கார்ந்தபடியே இருந்தாள். காளி அவள் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை; ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்றது மாதிரியேதான் நின்றாள். ரம்யா கூலிங் கிளாஸைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. கைப்பையில் தேடியும் காசு அகப்படவில்லை போலிருக்கிறது, கையிலிருந்த வளையலைக் கழற்றி வைத்தாள். "அம்மா" என்று கூப்பிட்டாள், பாதிதான் வெளியே வந்தது. காளி அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். சாயத்துக்குள் சுடலையின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கறுப்புக் கோடாக இறங்கியது.

இதையெல்லாம் பார்த்தபிறகாவது திருந்துவார்கள் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்த வருஷம் சேர்க்கைக்குப் பளபளவென்று ஒரு கையேடு போட்டிருக்கிறார்கள். அட்டைப்படமே சுடலையும் இந்துமதியும்தான். அடியில் எழுதியிருக்கிறது: 'நம் மாணவி, ஒரு நாட்டுப்புறக் கலைஞருடன்.' பிள்ளை மூன்று பாஷையில் சொன்னாள். அவர்களுக்கு ஒரு பாஷையிலும் விளங்கவில்லை.